அத்தை மறந்த மூன்றாவது வரி

எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறந்துவிட்டால், "என்ன, அத்தை ஆயிட்டியா?" என்று கேட்பார்கள். அம்மா குக்கரின் பொத்தானைத் தட்டாமல் விட்டு, மதியம்வரை அரிசி தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தால், அம்மா அத்தை ஆகிவிட்டார். தங்கை சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்றால், அவள் அத்தை. பள்ளிப் பேச்சுப் போட்டியில் 'அவையோர்க்கு வணக்கம்' என்பதற்குப் பிறகு ஒரு சொல்லும் வராமல் நான் மேடையில் நின்றபோது, பெற்றோர் வரிசையிலிருந்து அப்பா உரக்கக் கேட்ட கேள்வியும் அதுதான். ரொம்ப நாள் நான் அதை எல்லா வீட்டிலும் புழங்கும் மரபுத்தொடர் என்றே நம்பியிருந்தேன். பதினான்கு வயதில், படிவம் இரண்டு படிக்கும்போது ஒரு கட்டுரையில் எழுதியும் வைத்தேன். ஆசிரியை சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'யாருடைய அத்தை?' என்று எழுதியிருந்தார்.

என்னுடைய அத்தை. அப்பாவின் அக்கா. இருபது வயதில் பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போய், தொலைக்காட்சியில் ஒரு பாட்டுப் போட்டியில் பாடியவர். நேரடி ஒளிபரப்பு. என்ன பாட்டு என்று சொல்லமாட்டேன்; சொன்னால் அத்தை இன்றைக்கும் அடிப்பார். பல்லவி நன்றாகப் போனது. சரணத்தில் இரண்டு வரி நன்றாகப் போனது. மூன்றாவது வரியில் அத்தைக்குப் பாட்டு மறந்துவிட்டது. எட்டு விநாடி, நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ஊமையாக நின்றார். பிறகு நான்காவது வரியைப் பிடித்துக்கொண்டு பாடி முடித்தார். நான்காவது பரிசு.

இதுதான் எங்கள் குடும்பம் அறிந்த வரலாறு. இதை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் அத்தை.

"நான் நிக்கவே இல்ல. முழுசா பாடுனேன்."

"அப்ப கேசட்ல ஏன் ஒண்ணும் இல்ல?"

இந்தக் கேள்விக்கு அத்தையிடம் பதில் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக இல்லை. கோயில் பஜனையில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடுவார். சமைக்கும்போது மூன்றாவது மாடிவரை கேட்கும்படி பாடுவார். தனியாக மேடை ஏறச் சொன்னால் மட்டும், "வேணாம்லா, எனக்குத்தான் மறந்துருமே" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். அந்தச் சிரிப்பை நாங்கள் எல்லாரும் உண்மையான சிரிப்பு என்றே நினைத்தோம்.

கேசட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் என்னால் இருக்கவும் முடியாது. ஒரு பெண்ணோடு முதல்முறை கோப்பி குடிக்கப் போனபோது நாற்பது நிமிடம் கேசட் நாடாவின் அகலத்தைப் பற்றியே பேசினேன். இரண்டாவது முறை என்று ஒன்று நடக்கவில்லை.

வீட்டுக்கு வீடு வீடியோ வருவதற்கு முன்னால் ஒரு காலம் இருந்தது. டிவியில் ஒன்று போய்விட்டால் போனதுதான். நிலையங்களே தங்கள் நாடாக்களை அழித்து அழித்து அதன்மேலேயே மறுபடியும் பதிவார்களாம். அதனால் மக்கள் என்ன செய்தார்கள் என்றால், கேசட் ரெக்கார்டரை டிவிக்கு முன்னால் வைத்து, படத்தை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நாடகம், படம், பாட்டு, தீபாவளி நிகழ்ச்சி எல்லாம். பிறகு வாரக்கணக்கில் அதைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு 'பார்ப்பார்கள்'. நிலையத்திடமே இல்லாத நிகழ்ச்சி யாரோ ஒருவர் வீட்டுப் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். இதை முதலில் படித்த அன்றே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

பகலில் எனக்கு ஜுரு தொழிற்பேட்டையில் வேலை. கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு. ஒவ்வொரு மோட்டாரையும் ஓடவிட்டுக் கேட்பேன், கரகரவென்றால் ஒதுக்கிவிடுவேன். இப்படி நாள் முழுக்கச் சத்தத்தைத் தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்து பழைய கேசட்டுகளிலும் அதையே செய்துகொண்டிருந்தேன். சுத்தப்படுத்துகிறேன் என்று அதற்குப் பெயர். இணையத்தில் ஒரு பக்கம் வேறு தொடங்கி, சுத்தம் செய்தவற்றை அதில் ஏற்றினேன். கேட்பவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். மீதிப் பாதியில் மூன்று கணக்குகள் என்னுடையவை.

முதல் எச்சரிக்கை அப்போதே வந்தது. நான் பசியாறும் கடையின் முதலாளி பாய், தன் அண்ணன் பதிந்துவைத்த ஒரு டிவி நாடகக் கேசட்டை என்னிடம் கொடுத்தார். படம் தெரியாதே என்று அந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வர்ணனை சொல்லியிருந்தார்: "இப்ப அவ அழுவுறா... இப்ப இவன் கத்திய எடுத்துட்டான்... தொடைக்கிறான், குத்தல..." இரண்டு வாரம் உழைத்து அந்த அண்ணனைத் துடைத்தெடுத்துவிட்டு, நாடகத்தை மட்டும் பளிச்சென்று திருப்பிக் கொடுத்தேன். பாய் கல்லாவில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கேட்டார்.

"நல்லா இருக்கு தம்பி," என்றார். "எங்கண்ணன் எங்க?"

அந்த ஒரு கேள்வியில் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். "ஒரிஜினல் பத்திரமா இருக்கு பாய்," என்று பெருமையோடு சொல்லிவிட்டு ரொட்டி சானாயைப் பிய்த்தேன்.

எங்கள் வீட்டுக் கேசட்டைப் பதிந்தவர் அப்பா. அப்போது அவருக்குப் பதினேழு. தாத்தாவுக்குத் துறைமுகத்தில் வேலை. துறைமுகக் குடியிருப்பில் ரெக்கார்டர் வைத்திருந்த இரண்டு வீடுகளில் எங்களுடையது ஒன்று. தட்டையான மெஷின். முன்பக்கம் பியானோக் கட்டைகள் மாதிரி பொத்தான்கள், மேல்மூலையில் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சல்லடைபோல ஒரு மைக். பதிவு என்றால் அப்பா வைத்ததுதான் சட்டம். காற்றாடி நிற்க வேண்டும். சுவர்க் கடிகாரம் சமையலறைக்குப் போய்விட வேண்டும். சளி பிடித்தவர்களுக்கு உள்ளே இடமில்லை. அப்பா மெஷினின் பக்கத்தில் சம்மணம் போட்டு, காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவர்போல அதன்மேல் ஒரு கையை வைத்தபடி கடைசிவரை அசையாமல் இருப்பாராம்.

போட்டிக்கு அத்தையோடு கோலாலம்பூர் போனவர் தாத்தா. மறுநாள் ரயிலில் பட்டர்வொர்த் வந்து, பெர்ரி ஏறி இருவரும் வீடு சேர்ந்ததும், அப்பா கேசட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டாவது வரி, பிறகு ஒன்றுமில்லாமல் எட்டு விநாடி, பிறகு நான்காவது வரி. கூர்ந்து கேட்டால் அந்த எட்டு விநாடியில் 'ம்ம்ம்' என்று லேசாக ஒரு முனகல் இருக்கும். அத்தை யோசிக்கிற சத்தம் என்று அதற்கு வீட்டில் பெயரும் வைத்துவிட்டார்கள். தாத்தா மட்டும், "புள்ள நல்லாத்தான் பாடுச்சு" என்றாராம். ஆனால் அவருடைய காது துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் சங்கிலிச் சத்தத்தில் நின்ற காது. அந்தச் சாட்சி செல்லவில்லை.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

தங்கைக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. பட்டர்வொர்த்தில் மண்டபம், மாலையில் விருந்து. விருந்துக்கு என்னென்ன நிகழ்ச்சி என்று கைப்பேசியில் குடும்பக் குழு பேசிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே நான் அறிவித்தேன்: 'காணாமல்போன தொலைக்காட்சி வரலாறு! அத்தையின் பாட்டு, எட்டு விநாடி யோசனையோடு, முதல்முறையாக மண்டபத்தின் பெரிய ஒலிபெருக்கியில்!' சிரிக்கும் முகங்கள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன. சித்தப்பா ஒருவர் ஒரே மூச்சில் பதினாறு அனுப்பினார். நான் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தையிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. முழுதாகப் பத்து விநாடிகூட இல்லை.

"தம்பி, அந்தக் கேசட்ட அங்க போட்டீனா நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். மாப்பிள்ளை வீட்டுல கேட்டா, அத்தைக்கு மறந்துபோச்சுன்னு சொல்லிரு."

சித்தப்பா பதினாறு முகங்களையும் ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டில் பெண்ணுக்கு முதல் நலங்கு வைக்க வேண்டியவர் அத்தை. தங்கை என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அத்த வரலன்னா நான் மணவறையில உக்காரமாட்டேன்."

"நான் பேசிக்கிறேன்லா."

"நீ பேசாத. நீ பேசிப் பேசித்தான் இங்க வந்து நிக்கிது. சரிபண்ணு. இல்ல, உன்னோட கேசட்டு எல்லாத்தையும் பெர்ரியிலேர்ந்து ஒண்ணொண்ணா கடல்ல வீசுவேன்."

கேசட்டை எடுத்துக் கணினியில் ஏற்றினேன். அட்டையில் அப்பாவின் பதினேழு வயதுக் கையெழுத்து: 'அக்கா - டிவி - அழிக்காதே.' மேலே யாரும் பதிந்துவிடக் கூடாது என்று கேசட்டின் இரண்டு காதுகளையும் உடைத்து வைத்திருந்தார். பாட்டைக் கேட்டேன். எனக்குத் தீர்வு உடனே தெரிந்தது. பிரச்சினை அந்த எட்டு விநாடிதானே? வெட்டிவிட்டால்? இரண்டாவது வரியின் முடிவை நான்காவது வரியின் தொடக்கத்தோடு ஒட்டினேன். தையல் வெளியே தெரியாதபடி ஒட்டினேன். சாய்ந்து உட்கார்ந்து, என்னை நானே கொஞ்ச நேரம் வியந்தேன். நாற்பது வருஷ அவமானத்தை ஒரே அழுத்தில் நீக்கியவன்!

ஞாயிற்றுக்கிழமை மோட்டோவை ஓட்டிப்போய், கடலுக்கு அப்பால் பினாங்குத் தீவிலிருக்கும் அத்தை வீட்டுக்குப் பெர்ரி ஏறினேன். மடிக்கணினியை வயிற்றோடு கட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தை கதவைத் திறந்து, "பசியாறிட்டியா?" என்றார். கோபத்திலும் அந்தக் கேள்வி மாறாது. மின்னியல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒருவரை நிற்கவைத்துக் குற்றம் கண்டுபிடிக்கும் கண் இன்னும் அப்படியே இருக்கிறது.

"அத்த, ஒரே ஒரு தடவ கேளுங்க. அந்த இடம் இப்ப இல்ல."

"இல்லன்னா?"

"கேளுங்களேன்."

பாட்டு தொடங்கியது. இருபது வயதுக் குரல். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார். பல்லவி முடிந்தது. முகம் இளகியது. முதல் வரி. இரண்டாவது வரி. என் தையல். அத்தையின் கை தொடைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"மூணாவது வரி எங்க?"

"அது... அங்க சத்தம் இல்லல்ல. அதான் வெட்டிட்டேன். இப்ப நீங்க நிக்கவே இல்ல!"

அத்தை என்னைப் பார்த்தார். கரகரக்கும் மோட்டாரை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி.

"உங்கப்பன் நாப்பது வருஷமா அந்த இடத்துல நான் ஊமைன்னான். நீ அந்த இடமே இல்லங்கிற. அவனே தேவல."

"அத்த, நான் வந்து..."

"பாடுன வரிடா அது! பாடுனேன். உனக்கு ஒண்ணு கேக்கறேன், நீ படிச்சவன்தானே? நான் மறந்து நின்னேன். சரி. தபலாக்காரருமா மறந்தாரு? வயலினுமா மறந்துச்சு? பத்துப் பேரு வாசிச்சாங்கடா எனக்குப் பின்னால. நான் நின்னா, எல்லாரும் சேந்து நிக்க அவங்க என்ன எனக்குச் சொந்தக்காரங்களா?"

நான் மின்னியலில் பட்டம் பெற்றவன். ஒலிப்பதிவைப் பற்றி முன்பின் தெரியாதவர்களை நிறுத்திவைத்துப் பாடம் எடுப்பவன். அந்தக் கேசட்டைச் சிறு வயதிலிருந்து குறைந்தது ஐம்பது முறை கேட்டிருப்பேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. பாடகி நின்றால் பாட்டு நிற்கும். வாத்தியம் ஏன் நிற்க வேண்டும்? திரும்பும்போது பெர்ரியில் கடலைப் பார்த்தபடி நின்றேன். தங்கை முதலில் வீச வேண்டியது கேசட்டுகளை அல்ல என்று தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை காலை. அப்பா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். வெட்டாத பதிவைத் திறந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கேசட்டின் சத்தமில்லாத இடத்தைக் கேட்க உட்கார்ந்தேன். அந்த எட்டு விநாடியை மட்டும் எடுத்து, ஒலியைக் கூட்டினேன். 'ம்ம்ம்' கொஞ்சம் பெரிதானது. இன்னும் கூட்டினேன். அடியில் ஏதோ 'தும்... தும்தும்' என்றது. மெஷினின் மோட்டார் என்று நினைத்தேன், தொழில்புத்தி. ஆனால் மோட்டார் தாளத்தில் ஓடாது. இரண்டாவது வரியோடு சேர்த்து எண்ணிப் பார்த்தேன். அதே தாளம், தவறாமல் நான்காவது வரிவரை. தபலாக்காரர் மறக்கவில்லை.

'ம்ம்ம்' என்பதும் ஒரே சுருதியில் இல்லை. ஏறி இறங்கியது. தலையணைக்குள் முகம் புதைத்துப் பாடினால் எப்படி இருக்கும், அப்படி. சொற்கள் இல்லை, ராகம் இருந்தது. மூன்றாவது வரியின் ராகம்.

எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன். அந்த இடம் தொடங்கும்போது 'டப்' என்று சின்னச் சத்தம்; முடியும்போதும் ஒரு 'டப்'. பாட்டு முழுவதையும் அதே கவனத்தோடு கேட்டபோது, வேறு நான்கைந்து இடங்களிலும் அந்த 'டப்... டப்' இருந்தது. எல்லாம் அரை விநாடிக்குள். இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்தில் யாரோ இருமுவது பஞ்சுக்குள்ளிருந்து கேட்டது; அந்த எட்டு விநாடியிலும் ராகத்துக்கு அடியில் யாரோ கத்துவதுபோல மங்கலாக ஏதோ இருந்தது. எதையோ வைத்து மைக்கை மூடி மூடி எடுத்திருக்கிறார்கள். துணியா? மூடியா? புரியவில்லை.

அப்பாவிடம் நேராகக் கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். 'என் பதிவுல குத்தமா?' என்று தொடங்கி மதியச் சாப்பாடு வீணாகும். அதனால் தந்திரம் செய்தேன். அவர் பாசாரிலிருந்து வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கைப்பேசியை அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

"அப்பா, என் பக்கத்துக்கு ஒரு பேட்டி. அந்தக் காலத்துல எப்படிப் பதிவு பண்ணீங்கன்னு சொல்லுங்க."

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சத்தம் மட்டும்தான் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"பதிவுங்கிறது பொறுப்புலா. இப்ப மாதிரி இல்ல. ஒரு தடவதான். போனா போச்சு. வூட்டுல ஒரு ஈ பறந்தாலும் உள்ள போயிரும். அதனால நான் என்ன பண்ணுவேன்னா..."

சமையலறையில் அம்மா கையிலிருந்து பானை மூடி ஒன்று நழுவித் தரையில் சுழன்றது.

அப்பா பேச்சை நிறுத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய வலது கை தானாக நீண்டு, கைப்பேசியின் அடிப்பகுதியை உள்ளங்கையால் பொத்தியது. மூடி சுழன்று அடங்கியதும் கை திரும்பிப் போய் மடியில் விழுந்தது.

"...எல்லாத்தையும் முன்கூட்டியே அடக்கி வச்சிருவேன்," என்று முடித்தார்.

"அப்பா, இப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்?"

"கைய."

அப்பா தன் கையைப் பார்த்தார். அது வேறு யாருடையதோ மாதிரி பார்த்தார். நான் கணினியைத் திருப்பி, கூட்டிய எட்டு விநாடியைப் போட்டேன். தும், தும்தும். தலையணைக்குள் அத்தை. 'டப்'. நான்காவது வரி.

மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டார்.

"பக்கத்து வூட்டு அக்கா," என்றார். "அவங்க வூட்டுல டிவி இல்ல. நடுப்பாட்டுல ஓடியாந்து கதவத் தள்ளிக்கிட்டு, 'ஐயையோ நம்ம புள்ளையா இது, நம்ம புள்ளையா இது'ன்னு ஒரே கத்து. எல்லாரும் அவங்களப் பாத்து, உஷ்ஷு உஷ்ஷுன்னு... டிவிய யாரு கேட்டா அப்ப? நான் கைய வச்சேன். அவங்க அடங்குனதும் எடுத்தேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"மறுநாள் போட்டுக் காட்டறப்ப தெரியும்." தேத்தண்ணீர்க் குவளையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "எல்லாரும் உக்காந்திருக்காங்க. அந்த இடம் வருது, ஒண்ணும் இல்ல. என் பதிவு கெட்டுப்போச்சுன்னு சொல்றதா, அக்கா மறந்துட்டான்னு சொல்றதா? பதினேழு வயசுலா எனக்கு. வெளாட்டா சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் சொல்லிச் சொல்லி... எனக்கே மறந்துபோச்சுடா."

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. அது என் தொண்டைவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"சரி, கல்யாணம் முடியட்டும்," என்றார் அப்பா. "அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

"அத்த வந்தாத்தானேப்பா கல்யாணம்?"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "சட்ட பொத்தான்தான் போட்டாச்சே. அப்படியே கெளம்புங்க."

பெர்ரியில் அப்பா கம்பி ஓரமாகத் தள்ளி நின்றார். வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். அத்தை வீட்டு வாசலில் அவரைத் தள்ளிவிட்டு நான் பின்னால் நின்றேன். அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, அப்பனும் மகனுமா? மிச்ச வரியையும் வெட்டப் போறீங்களா?"

"அக்கா," என்றார் அப்பா. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் போட்டேன்.

அத்தை இந்த முறை தாளம் போடவில்லை. எட்டு விநாடி முடிந்ததும், "இன்னொரு தடவ," என்றார். முடிந்ததும், "இன்னொரு தடவ." நான் அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அதற்காகக் கைப்பேசியைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அப்படிப்பட்ட பிறவி நான்.

"சுருதி எறங்கியிருக்கு," என்றார் அத்தை.

"என்னது?"

"மூணாவது வரியில. கேளு, குரல் மேல ஏறுற அந்த எழுப்புல. கீழ போயிருக்கு. சே. இதுக்கு மறந்தேன்னே இருந்திருக்கலாம்."

அப்பாதான் எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா, உஷ், கை, மறுநாள், பதினேழு வயது. சுருக்கமாகச் சொல்ல அவருக்கு வராது. ஆனால் அன்று சுருக்கமாகச் சொன்னார்.

"கையக் காட்டு."

அப்பா நீட்டினார். அத்தை அந்த உள்ளங்கையை ரொம்ப நேரம் பார்த்தார். அப்பா கண்ணை இறுக்கிக்கொண்டார். அடி விழும் என்று நினைத்தார் போலும். நானும் நினைத்தேன். அத்தை உள்ளே போய், பலகாரத் தட்டைக் கொண்டுவந்து அந்தக் கையின்மேல் வைத்தார்.

"புடி. ஆறிரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அத மண்டபத்துல போடு."

"அத்த, நான் சுத்தமா எல்லாத்தையும்..."

"நீ ஒண்ணையும் தொடாத! இருக்கறபடி போடு. அந்த எடம் வர்றப்ப நான் பாடிக்கிறேன். அந்த ஒரு வரி. அதுக்குமேல ஒரு எழுத்து பாடமாட்டேன், யாரும் கேக்கக் கூடாது. எழுப்புல ஏறணும். அவ்ளோதான்."

நலங்கு நல்லபடியாக நடந்தது. அத்தை முதல் ஆளாக மஞ்சளைத் தொட்டுத் தங்கையின் கன்னத்தில் பூசியபோது, தங்கை என்னைப் பார்த்து, 'பிழைத்தாய்' என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள்.

மாலை விருந்தில் ஒலிக்கருவிகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். மூன்று மைக்குகள், ஒரு கணினி, மண்டபத்தையே பதிவுசெய்ய என் சொந்தப் பதிவுக் கருவி. மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, விமானி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேடையில் அத்தை, பட்டுப் புடவையில், கையில் மைக்கோடு, தொழிற்சாலையில் இரவு முறை முடிந்து ஆள் கணக்கெடுப்பவர் மாதிரி விறைப்பாக நின்றார். கேசட்டைப் போட்டேன். இரைச்சல், கரகரப்பு, நாடாவின் ஆட்டம், எல்லாவற்றோடும். பேச்சு அடங்கியது. பல்லவி. முதல் வரி. இரண்டாவது வரி.

'டப்'.

அத்தை மைக்கை வாயருகே கொண்டுபோன அதே நொடியில், முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. என் கை என்னைக் கேட்கவில்லை. அது தானாக எழுந்து, அத்தையின் மைக்கைக் குறைக்கும் விசையை நோக்கிப் போனது. சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை. பாதி வழியில் இன்னொரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"வுட்றா," என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அத்தை பாடினார். குழந்தை அழுதது. அறுபது தாண்டிய குரல் கொஞ்சம் நடுங்கி, தபலாவின் தும்தும்முக்கு மேலே போய், அந்த எழுப்பில் ஏறி, ஏறிய இடத்தில் நின்றது. 'டப்'. இருபது வயதுக் குரல் நான்காவது வரியை வாங்கிக்கொண்டது. மண்டபம் கைதட்டியது. ஏன் தட்டுகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேருக்குத் தெரியாது. சித்தப்பா மேசைக்கு மேசை போய் விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை.

அத்தை மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தார். வேர்த்திருந்தது. கண் பளபளவென்றிருந்தது.

"போடு, கேப்போம். எழுப்பு சரியா வந்துச்சான்னு பாக்கணும்."

நான் பதிவுக் கருவியை எடுத்தேன். அதில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. திரையில் பூஜ்ஜியம், அதற்குப் பக்கத்தில் பூஜ்ஜியம், அதற்குப் பக்கத்திலும். மின்கலம் போட்டிருந்தேன். நினைவக அட்டை போட்டிருந்தேன். ஒலி அளவு பார்த்திருந்தேன். பதிவுப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

அத்தை கருவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாக விரிந்தது. இத்தனை வருஷம் நாங்கள் பார்த்ததெல்லாம் சிரிப்பே அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்னடா," என்றார். "அத்தை ஆயிட்டியா?"

அப்பா குபீரென்று சிரித்துவிட்டார். அத்தை அவர் பக்கம் திரும்பினார். அப்பா சட்டென்று உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.